கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதன்: விலைக்கு வாங்கிய நிலமும் உப்பேறிய வழக்கும்

கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதனின் பெயர் செய்திகளில் வரும்போதெல்லாம் "ஆயிரக்கணக்கான ஏழைகளுக்கு நிலம் பெற்றுத் தந்தவர்" என்ற ஒரு வரியும் சேர்ந்தே வருகிறது. அந்த வரி உண்மை. ஆனால் அது யாருடைய நிலம், எந்தச் சட்டப்படி கைமாறியது, பணம் எங்கிருந்து வந்தது என்ற விவரம் பெரும்பாலும் சொல்லப்படுவதில்லை. அதனால் பூதானத்தில் (நிலமற்றவர்களுக்காக நிலவுடைமையாளர்கள் தானமாகத் தந்ததில்) வந்த நிலத்தைப் பிரித்துக் கொடுத்தார் என்று ஒரு சாராரும், நில உச்சவரம்புச் சட்டத்தின்கீழ் அரசு கொடுத்த நிலம் என்று இன்னொரு சாராரும் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். அவருடைய கணவர் தொடுத்த வழக்கில் கடலோர இறால் பண்ணைகளுக்கு உச்ச நீதிமன்றம் தடை விதித்தது உண்மையென்றால், இன்றும் பண்ணைகள் நடப்பது எப்படி என்ற கேள்வியும் அவ்வப்போது எழுகிறது. இந்தக் குழப்பங்களைத் தீர்க்க அடிப்படையிலிருந்து தொடங்க வேண்டும்.

முதலில் சில சொற்கள்

1. மிராசுதார்: காவிரிப் படுகையில் பரம்பரையாக நில உடைமை பெற்றிருந்தவர். தானே ஏர் பிடிக்காமல் ஆள் வைத்தும் குத்தகைக்கு விட்டும் சாகுபடி செய்வித்தவர்.

2. பண்ணையாள்: ஒரு மிராசுதாரின் நிலத்தோடு குடும்பமாகக் கட்டுண்டு உழைத்தவர். குடியிருந்த குடிசையின் அடிமனையும் பெரும்பாலும் மிராசுதாருடையது. கூலி கேட்டால் குடியிருப்பும் போகும் என்பதே அந்த முறையின் உள்கட்டு.

3. மா, வேலி: படுகையின் நில அளவுகள். மூன்று மா ஏறத்தாழ ஓர் ஏக்கர். இருபது மா ஒரு வேலி. நூறு வேலி மிராசு என்றால் அறுநூறு ஏக்கருக்கு மேல் என்று பொருள்.

4. தரப்படுத்தப்பட்ட ஏக்கர்: உச்சவரம்புச் சட்டம் பயன்படுத்தும் கணக்கு. மண்ணின் வளத்தையும் தீர்வையையும் (நிலவரியையும்) பொறுத்து இது மாறும். வளம் குறைந்த நிலமானால் ஒரு தரப்படுத்தப்பட்ட ஏக்கருக்கு ஒன்றுக்கு மேற்பட்ட சாதாரண ஏக்கர் சேரும்.

நிலமற்ற வீட்டிலிருந்து

கிருஷ்ணம்மாள் 1926இல் இன்றைய திண்டுக்கல் மாவட்டப் பகுதியில் நிலமற்ற தலித் குடும்பமொன்றில் பிறந்தவர். வயல் வேலைக்குப் போய்ப் பிள்ளைகளை வளர்த்த தாயின் பாடு அவர் கண்முன்னே நடந்தது. மதுரையில் டாக்டர் சௌந்தரத்தின் ஆதரவில் படித்துப் பட்டம் பெற்றார். அவர் பிறந்த சமூகத்துப் பெண்களுக்குப் பள்ளிப் படிப்பே எட்டாதிருந்த காலம் அது. காந்திய இயக்கத்தோடு அவருக்கு ஏற்பட்ட தொடர்பும் இந்த வழியாக வந்ததே. 1947இல் சின்னாளபட்டி அருகே காந்திகிராமம் என்ற காந்திய நிறுவனத்தைத் தொடங்கியவர்களும் சௌந்தரமும் அவருடைய கணவர் ஜி. இராமச்சந்திரனுமே.

சங்கரலிங்கம் ஜெகந்நாதன் இதற்கு நேர்மாறான வீட்டிலிருந்து வந்தவர். வசதியான நிலவுடைமைக் குடும்பத்தில் பிறந்து, காந்தியின் அழைப்பைக் கேட்டுக் கல்லூரிப் படிப்பை விட்டவர். வெள்ளையனே வெளியேறு இயக்கத்தில் சிறை சென்றவர். நாடு விடுதலை பெற்ற பிறகே திருமணம் என்ற உறுதியோடு இருந்த அவர், 1950இல் கிருஷ்ணம்மாளை மணந்தார். நிலம் உள்ள சாதியும் நிலம் மறுக்கப்பட்ட சாதியும் கலந்த அந்த மணவாழ்க்கையின் பொது வேலையாக நிலப் பங்கீடு அமைந்தது தற்செயலானது என்று எனக்குத் தோன்றவில்லை.

பூதானம்: கொடுத்ததும் சேர்ந்ததும்

1951 ஏப்ரல் 18 அன்று தெலங்கானாவின் போச்சம்பள்ளியில் வினோபா பாவேயிடம் தலித் மக்கள் நிலம் கேட்டார்கள். இராமச்சந்திர ரெட்டி என்ற நிலவுடைமையாளர் நூறு ஏக்கர் தருவதாக எழுந்து சொன்னார். பூதான இயக்கம் அங்கே பிறந்தது. ஜெகந்நாதனும் கிருஷ்ணம்மாளும் வினோபாவின் நடைப்பயணங்களில் சேர்ந்து, பின்பு தமிழ்நாட்டில் அந்த இயக்கத்தை நடத்தியவர்களில் முன்னணியில் நின்றார்கள். தானமாக வந்த நிலத்தை முறைப்படுத்தத் தமிழ்நாட்டில் 1958இல் பூதான யக்ஞச் சட்டமும் வந்தது.

நாடு முழுவதும் நாற்பது லட்சம் ஏக்கருக்கு மேல் வாக்களிக்கப்பட்ட போதிலும், அதில் பெரும்பகுதி நிலமற்றவர் கைக்குப் போய்ச் சேரவில்லை. கொடுத்தவற்றில் கல்லும் கரடும் கலந்திருந்தன. வழக்கில் சிக்கிய நிலங்களும் இருந்தன. வாய்ச்சொல்லாகத் தந்ததைப் பத்திரமாக்கும் நாளில் வாரிசுகள் மறுத்ததும் நடந்தது. தானத்தின் அளவைக் கொடுப்பவரின் மனமே தீர்மானிக்கும். நஞ்சையைப் பொறுத்தவரை அந்த மனம் எளிதில் இளகுவதில்லை.

கீழவெண்மணி

1968 டிசம்பர் 25 இரவு, அன்றைய தஞ்சாவூர் மாவட்டத்தின் கிழக்குப் பகுதியில், நாகப்பட்டினத்துக்கு அருகே உள்ள கீழவெண்மணியில் 44 பேர் ஒரே குடிசைக்குள் எரித்துக் கொல்லப்பட்டார்கள். இறந்தவர்களில் பெரும்பாலோர் தலித் பெண்களும் குழந்தைகளும். விவசாயத் தொழிலாளர் சங்கத்தின் கொடியின்கீழ் நின்று நெல் கூலியை உயர்த்திக் கேட்டதே பகைக்கு மூலம். விசாரணை நீதிமன்றம் நெல் உற்பத்தியாளர் சங்கத்தின் தலைவர் உள்ளிட்டோரைத் தண்டித்தது; பின்னர் சென்னை உயர் நீதிமன்றம் அவர்களை விடுவித்தது.

இந்தப் பகுதியில் கூலிக்கும் மானத்துக்குமான போராட்டத்தைத் தொடங்கி வளர்த்தவர்கள் பொதுவுடைமை இயக்கத்தார் என்பதை இங்கே பதிவு செய்தாக வேண்டும். சாட்டையடியும், சாணியைக் கரைத்துக் குடிக்கவைக்கும் சாணிப்பாலும் தண்டனையாக இருந்த காலத்தில் பண்ணையாட்களைத் திரட்டியவர்கள் அவர்கள். 1952இல் தஞ்சைக் குத்தகைதாரர் மற்றும் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்ததற்கு அந்தத் திரட்சியே காரணம். ஜெகந்நாதன் தம்பதியர் அங்கே வந்தது கீழவெண்மணிக் கொலைகளுக்குப் பிறகுதான். வந்தவர்கள் திரும்பிப் போகவில்லை. காந்திகிராமச் சூழலை விட்டு நாகைப் பகுதி ஊர்களிலேயே தங்கி, குடிசை குடிசையாகப் பேசி, வேலையின் இலக்கை மாற்றி வகுத்தார்கள். கூலி உயர்வு ஓர் அறுவடையில் கிடைத்து மறு அறுவடையில் பறிபோகலாம். காணி கையில் இருந்தால் குடியிருப்பை மிரட்டிப் பணியவைக்க முடியாது என்பது கிருஷ்ணம்மாளின் கணிப்பு.

உச்சவரம்புச் சட்டம் ஏன் போதவில்லை

தமிழ்நாடு நிலச் சீர்திருத்த (நில உச்சவரம்பு நிர்ணய) சட்டம் 1961இல் இயற்றப்பட்டது. ஐந்து பேர் கொண்ட குடும்பம் அதிகபட்சம் 30 தரப்படுத்தப்பட்ட ஏக்கர் வைத்துக்கொள்ளலாம் என்பது தொடக்க நிலை. 1970ஆம் ஆண்டின் திருத்தம் அதை 15ஆகக் குறைத்தது. படுகையின் நல்ல நஞ்சைக் கணக்கில் இது இரண்டேகால் வேலி. நூற்றுக்கணக்கான வேலி வைத்திருந்தவர்களிடமிருந்து உபரி கொட்டியிருக்க வேண்டும். கொட்டவில்லை. காரணங்கள் பின்வருமாறு:

1. சட்டம் வரப்போகிறது என்பது பல ஆண்டுகளுக்கு முன்பே தெரிந்திருந்தது. உறவினர், வேலையாள், பிறக்காத பேரன் வரையிலான பெயர்களில் பினாமியாக நிலம் எழுதி வைக்க நேரம் இருந்தது.

2. கோயில், மடம், அறக்கட்டளை ஆகியவற்றின் நிலங்களுக்கு விலக்கும் சலுகையும் இருந்தன. படுகையில் இவ்வகை நிலம் மிகுதி; காகிதத்தில் அறக்கட்டளையாகவும் களத்துமேட்டில் பழைய மிராசாகவும் நீடித்தவையும் உண்டு.

3. உபரி என்று அறிவிக்கப்பட்ட நிலத்துக்கும் வழக்கு, மேல்முறையீடு, தடையாணை என்று ஆண்டுகள் ஓடின. அதுவரை அறுவடை பழைய கைக்கே போயிற்று.

ஆக, தானம் மனத்தைப் பொறுத்தது. சட்டம் அதை நிறைவேற்றும் அலுவலகத்தைப் பொறுத்தது. இரண்டுக்காகவும் பல ஆண்டுகள் போராடிய பிறகே அவர்கள் அடுத்த வழிக்கு வந்தார்கள்.

லாஃப்டி: விலை பேசி வாங்குதல்

1981இல் தம்பதியர் தொடங்கிய உழுபவனின் நில உரிமை இயக்கம், அதன் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளால் லாஃப்டி என்று அறியப்படுகிறது. அதன் முறை எளிமையாகச் சொல்லக்கூடியது. நடத்துவதற்கோ மிகக் கடினமானது. நிலவுடைமையாளரையும் நிலமற்றவரையும் ஒரே பாயில் உட்காரவைத்து விலை பேசுவது. வங்கிக் கடன் பெற்று அந்த விலையைக் கொடுப்பது. வாங்கியவர்கள் கூட்டாகச் சாகுபடி செய்து விளைச்சலிலிருந்து கடனை அடைப்பது.

விற்க யார் முன்வருவார் என்ற ஐயம் இயல்பானது. ஆனால் எண்பதுகளில் நிலைமை மாறத் தொடங்கியிருந்தது. மிராசுதார் வீட்டுப் பிள்ளைகள் படித்து நகரங்களுக்குப் போய்விட்டார்கள். குத்தகைச் சட்டங்கள் வந்த பிறகு வாரம் (விளைச்சலில் உடைமையாளரின் பங்கு) வசூலிப்பது முன்போல் எளிதாக இல்லை. தொழிலாளர்கள் சங்கமாகி நின்றார்கள். எட்ட இருந்து நிலத்தை ஆளுவதைவிட விற்றுவிடுவதே மேல் என்று எண்ணிய குடும்பங்கள் இருந்தன. அந்த இடுக்கைப் பார்த்து உள்ளே நுழைந்தது கிருஷ்ணம்மாளின் கூர்மை.

தடை இரண்டு பக்கமிருந்து வந்தது. ஈடு காட்ட ஏதுமில்லாத கூலிக்காரப் பெண்ணுக்கு நிலம் வாங்கக் கடன் தர வங்கிகள் தயங்கின. முத்திரைத் தீர்வையோ மிக அதிகமாக இருந்தது. இதன் சுமை எப்படிப்பட்டது என்பதைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். ஒருவர் முப்பது ஏக்கரை ஒரே கிரயமாக வாங்கினால் ஒரு பத்திரம், ஒரு பட்டா மாற்றம். அதே முப்பது ஏக்கரை முப்பது குடும்பங்கள் ஆளுக்கு மூன்று மாவாக வாங்கினால் முப்பது பத்திரம், முப்பது உட்பிரிவு, முப்பது புல வரைபடம், முப்பது பேருக்கும் தனித்தனிப் பட்டா. வில்லங்கச் சான்று பார்க்க வேண்டும், சர்வேயர் வந்து கல் ஊன்ற வேண்டும், எழுதப் படிக்கத் தெரியாதவர் பதிவு அலுவலகத்தில் கைநாட்டு வைக்கக் கூலியை விட்டு வர வேண்டும். இந்தச் செலவுகளும் அலைச்சல்களுமே ஒரு குடும்பத்தின் ஆண்டுக் கூலியைத் தின்றுவிடும். நில வழங்கல் பற்றிய பாராட்டுரைகள் எதிலும் இந்த எழுத்து வேலை இடம்பெறுவதில்லை. பாதிப் போராட்டம் நடந்தது இங்கேதான். வங்கிகளையும் அரசையும் விடாது முட்டி முட்டியே கிருஷ்ணம்மாள் இந்தத் தடைகளைத் தாண்டினார்.

2007 வரையிலான கணக்கில் லாஃப்டி வழியாக ஏறத்தாழ 13,000 ஏக்கர் நிலம் ஏறத்தாழ 13,000 குடும்பங்களுக்குச் சேர்ந்தது. அதாவது வீட்டுக்கு ஓர் ஏக்கர். நிலம் பெண்களின் பெயரில் எழுதப்பட்டது. குடிப்பழக்கத்துக்கும் கைமாற்றுக் கடனுக்கும் நிலம் போய்விடாதிருக்க இது ஒரு காப்பு. அதைவிட முக்கியமாக, நடவு, களையெடுப்பு, அறுப்பு என்று படுகையின் நெல்லை விளைவித்த கைகள் பெண்களுடையவை. அவர்கள் பெயர் எந்தச் சிட்டாவிலும் அதுவரை ஏறியதில்லை.

இம்முறையின்மீது ஒரு கடுமையான விமர்சனம் உண்டு: சட்டப்படி பறிமுதல் ஆக வேண்டிய நிலத்துக்கு, தலைமுறைகளாக உழைப்பைக் கொடுத்தவர்களே விலையும் கொடுக்க நேர்ந்தது நியாயமா? நியாயமில்லை என்பதே என் கருத்து. ஆனாலும் அந்த அநியாயத்துக்குப் பொறுப்பு சட்டத்தை ஓட்டையாக்கியவர்களுடையது. உபரி நிலம் வரும் வரை காத்திருந்த குடும்பங்களில் பல காத்திருந்தபடியே இருந்தன. கடன் அடைத்த குடும்பங்கள் பட்டாவைப் பெட்டியில் பூட்டி வைத்தன.

பக்கத்து வயலில் கடல்நீர்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நாகை, சீர்காழிக் கடலோரங்களில் ஏற்றுமதிக்கான புலி இறால் பண்ணைகள் பெருகின. கடலோர நஞ்சையும் புறம்போக்கும் வெட்டிக் குளமாக்கப்பட்டன. இதன் விளைவு புரிய ஒரு குளம் எப்படி இயங்குகிறது என்று தெரிந்தால் போதும்.

நெல் வயலுக்கு நடுவே கரை எழுப்பிக் குளம் வெட்டுகிறார்கள். கடலிலிருந்தோ கழிமுகத்திலிருந்தோ உப்புநீர் இறைக்கப்படுகிறது. உப்பின் அளவைக் குறைக்க ஆழ்குழாய்க் கிணற்றிலிருந்து நன்னீரும் இழுத்துக் கலக்கப்படுகிறது. தீவனமும் மருந்தும் போடப்படுகின்றன. நீரை அவ்வப்போது மாற்றியாக வேண்டும். கழிவுநீர் வயல்களுக்கான பொது வடிகாலிலேயே விடப்படுகிறது. குளத்தில் மாதக்கணக்கில் நிற்கும் உப்புநீர் அடிமண் வழியாகப் பக்கத்து வயலுக்குக் கசிகிறது. நிலத்தடி நன்னீர் மட்டம் இறங்க இறங்க, அந்த இடத்தைக் கடல்நீர் நிரப்புகிறது. கோடையில் வயலின்மேல் வெள்ளைப் பூச்சாக உப்புப் பூக்கும். அடுத்த சம்பாவில் நாற்று நுனி கருகும். ஊர்க் கிணற்று நீர் வாயில் வைக்க முடியாமல் கரிக்கும். நெல் உப்பைத் தாங்காத பயிர் என்பதால் இழப்பு வேகமாகத் தெரியும்.

தொழிலாளர் பக்கமும் ஓர் இழப்பு உண்டு. நாற்றங்கால் முதல் கதிரடிப்பு வரை நெல் வயல் பலருக்கு வேலை தரும். இறால் குளத்துக்குக் காவலும் தீவனமிடலுமே முக்கிய வேலை. அதற்குச் சிலர் போதும். லாஃப்டி வாங்கிக் கொடுத்த ஏக்கரின் பட்டா உரியவர் பெயரிலேயே இருக்கும். அதில் விளைச்சல் மட்டும் இருக்காது. நிலம் பெற்றுத் தந்த இயக்கம் இறால் பண்ணைகளை எதிர்க்க இறங்கியது இந்தக் காரணத்தால்தான். முதலில் ஊர்களில் சத்தியாகிரகம் நடந்தது. பெண்கள் முன்னணியில் நின்றார்கள். பிறகு ஜெகந்நாதன் 1994இல் உச்ச நீதிமன்றம் சென்றார்.

1996 தீர்ப்பு என்ன சொன்னது

"எஸ். ஜெகந்நாதன் எதிர் இந்திய ஒன்றியம்" என்ற அந்த வழக்கில் நீதிபதிகள் குல்தீப் சிங், சகீர் அகமது ஆகியோர் 1996 டிசம்பர் 11 அன்று தீர்ப்பளித்தார்கள். 1991 பிப்ரவரி 19 நாளிட்ட கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையே அதன் அச்சாணி. கடல் ஏற்றத்தின்போது நீர் எட்டும் எல்லையான உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டர் வரையிலான பகுதியில், கடல்முகம் நேரடியாகத் தேவைப்படாத புதிய தொழில்களை அந்த அறிவிக்கை தடை செய்திருந்தது. இறால் பண்ணை விவசாயமா, தொழிலா என்பதே கேள்வி. தொழில்தான், தடைக்கு உட்பட்டதுதான் என்று நீதிமன்றம் முடிவு செய்தது. முக்கிய ஆணைகள்:

1. மண்டலத்துக்குள் மரபுவழி முறைகளைத் தவிர்த்த பிற இறால் பண்ணைகள் அமைக்கக் கூடாது. இருப்பவை 1997 மார்ச் 31க்குள் அகற்றப்பட வேண்டும்.

2. விளைநிலம், உப்பளம், அலையாத்திக் காடு, சதுப்பு நிலம், ஊர்ப் பொதுநிலம் ஆகியவற்றை இறால் குளமாக மாற்றக் கூடாது.

3. சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் ஓர் ஆணையம் அமைத்து, மாசுபடுத்தியவரே ஈடுகட்ட வேண்டும் என்ற கொள்கைப்படி இழப்பீடு வசூலிக்க வேண்டும்.

4. மூடப்படும் பண்ணைகளின் தொழிலாளர்களுக்கு ஆறு ஆண்டு ஊதியம் கூடுதல் இழப்பீடாகத் தரப்பட வேண்டும்.

நான்காவது ஆணை அதிகம் பேசப்படுவதில்லை. சூழல் வழக்குகளில் மூடப்படும் ஆலையின் கூலியாள் மறக்கப்படுவதே வழக்கமாக இருக்க, இங்கே அவரும் கணக்கில் வந்தார்.

தடை எப்படி நீர்த்தது

தீர்ப்புக்கு எதிராக மறுஆய்வு மனுக்கள் வந்தன. இடிக்கும் ஆணை நிறுத்திவைக்கப்பட்டது. 1997இல் ஆணையம் அமைந்தது. பிறகு நாடாளுமன்றம் 2005இல் கடலோர நீர்வாழ் உயிரி வளர்ப்பு ஆணையச் சட்டத்தை இயற்றியது. குழப்பத்தின் முடிச்சு இச்சட்டத்தின் 27ஆம் பிரிவில் இருக்கிறது. கடலோர ஒழுங்குமுறை அறிவிக்கையின் தடை கடலோர நீர்வாழ் உயிரி வளர்ப்புக்குப் பொருந்தாது என்ற வாசகம், 1991 பிப்ரவரி 19 முதலே அந்த அறிவிக்கையில் இருந்ததாகக் கொள்ள வேண்டும் என்று அது முன்தேதியிட்டுச் சொல்கிறது. எந்த வரியின்மேல் 1996 தீர்ப்பு நின்றதோ அந்த வரியே, தீர்ப்புக்கு ஏறத்தாழ ஆறு ஆண்டுகளுக்கு முந்தைய தேதியிலிருந்து மாற்றப்பட்டது. தீர்ப்பை யாரும் ரத்து செய்யவில்லை. அதன் அடிமனை அகற்றப்பட்டது.

இச்சட்டம் முற்றாகக் கதவைத் திறந்துவிடவும் இல்லை. பதிவு செய்யாமல் பண்ணை நடத்தக் கூடாது. உயர் அலைக் கோட்டிலிருந்து 200 மீட்டருக்குள் புதிய பண்ணைக்கு இடமில்லை. ஆனால் 500 மீட்டர் 200 ஆனதன் பொருளைக் கடலோர ஊரில் நின்று பார்த்தால்தான் உணர முடியும். பதிவின்றி நடத்தினால் மூன்றாண்டு வரை சிறை என்று 2005 சட்டம் சொன்னது. 2023ஆம் ஆண்டின் திருத்தம் சிறைத் தண்டனையை நீக்கிப் பண அபராதமாக்கியது. சட்டத்தின் எல்லையும் குஞ்சு பொரிப்பகம், கடற்பாசி வளர்ப்பு போன்றவற்றுக்கு விரிந்தது.

எனவே இன்று ஓர் ஊரில் இறால் குளத்தை எதிர்க்கும் குடும்பம் 1996 தீர்ப்பை மட்டும் காட்டி நிவாரணம் பெற இயலாது. அப்பண்ணை பதிவு பெற்றதா, அலைக் கோட்டிலிருந்து எவ்வளவு தூரம், விளைநிலம் மாற்றப்பட்டதா, கழிவுநீர் எந்த வடிகாலில் விடப்படுகிறது என்று ஒவ்வொன்றாக நிறுவ வேண்டும். சாகுபடியைப் பதியும் அடங்கல் பதிவேட்டில் முந்தைய பசலிகளில் (வருவாய்த்துறை ஆண்டுகளில்) நெல் என்று எழுதப்பட்டிருக்கும் பக்கம் இத்தகைய வழக்கில் பெரிய சான்று. பண்ணை வருவதற்கு முன்பே கிணற்று நீரைச் சோதித்து அறிக்கை வாங்கி வைத்திருப்பவருக்கு வழக்கு எளிது; உப்பேறிய பிறகு சோதிப்பவர், அந்த உப்பு எங்கிருந்து வந்தது என்பதையும் தானே மெய்ப்பிக்க வேண்டியிருக்கும்.

தம்பதியருக்கு 2008இல், மாற்று நோபல் என்று அழைக்கப்படும் ரைட் லைவ்லிஹுட் விருது கிடைத்தது. ஜெகந்நாதன் 2013 பிப்ரவரியில் காலமானார். கிருஷ்ணம்மாளுக்கு 1989இல் பத்மஸ்ரீயும் 2020இல் பத்மபூஷணும் வழங்கப்பட்டன. அந்த இரண்டு ஆண்டுகளுக்கு இடையில்தான் வழக்கும், தீர்ப்பும், அதை நீர்க்கச் செய்த 2005 சட்டமும் வந்தன.